வீட்டு ஆப்பிள் மரத்தில் நோய்: விட்டுவிடலாமா, வெட்டலாமா, மருந்தடிக்கலாமா, மரத்தையே மாற்றலாமா?

வீட்டில் ஒன்றிரண்டு ஆப்பிள் மரம் வைத்திருப்பவர்கள் இலையில் புள்ளியைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். அதற்கு உடனே ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆப்பிளைத் தாக்கும் மூன்று பெரிய நோய்களும் மூன்று விதமானவை. ஒன்று மழை ஈரத்தில்தான் பரவும். இன்னொன்றுக்கு மழையே வேண்டாம். மூன்றாவதற்குக் காரணம் பூஞ்சாணமே இல்லை, பாக்டீரியா. ஒன்றை அடக்கும் மருந்து மற்றொன்றைத் தொடக்கூடத் தொடாது. அதுபோக, மருந்தடிப்பது நம் முன்னால் இருக்கும் ஐந்து வழிகளில் ஒன்றுதான். வீட்டு மரங்களைப் பொறுத்தவரை பல நேரம் அதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும்.

நோயை அப்படியே விட்டுவைக்கலாம். சருகைக் கூட்டி, நோய் கண்ட கிளையை வெட்டி மரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். மருந்தடிக்கலாம். அடிமரத்தை வைத்துக்கொண்டு மேலே வேறு ரகத்தை ஒட்டுக் கட்டலாம். மரத்தையே எடுத்துவிட்டு நோய் தாங்கும் ரகத்தை நடலாம். இந்த ஐந்தில் எது பொருந்தும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: வந்திருக்கும் நோய் எது, வருடா வருடம் அதற்காக உங்களால் எவ்வளவு வேலை செய்ய முடியும்.

முதலில் நோயை அடையாளம் காணுங்கள்

துளிர்க்கும் காலம் குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும் இடங்களில் அதிகம் தென்படுவது ஸ்கேப் என்கிற சொறி நோய். வென்டூரியா இனேக்வாலிஸ் என்ற பூஞ்சாணம் இதற்குக் காரணம். இலையில் முதலில் மங்கலான ஆலிவ் பச்சைத் திட்டு வரும், தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். நாளாக ஆகத் திட்டு கறுத்து, இலை சுருண்டு மஞ்சளாகி உதிரும். காயில் கரும்புள்ளியாகத் தொடங்கி, தக்கை போன்ற பழுப்புச் சொறியாக மாறும். சொறி பிடித்த இடத்தில் தோல் விரியாது. அதனால் காய் பெருக்கும்போது கோணிக்கொள்ளும், சிலசமயம் வெடிக்கும்.

இந்த நோயின் வருடச் சுற்றைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். பூஞ்சாணம் குளிர்காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் மரத்தடியில் கிடக்கும் போன வருடச் சருகில். துளிர் விடும் நேரத்தில் மழை பெய்தால் அந்தச் சருகிலிருந்து பூஞ்சாணத்தின் நுண்ணிய வித்துகள் காற்றில் எழும்பி இளம் இலைமேல் ஒட்டும். ஒட்டினால் மட்டும் போதாது, முளைக்க ஈரம் வேண்டும். எவ்வளவு நேரம் ஈரம் இருந்தால் நோய் தொற்றும் என்பதை வெப்பநிலையோடு சேர்த்து அட்டவணையாகத் தந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்ஸ், வருடம் 1944. அதை 1989இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின்படி 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இலை ஏறக்குறைய 6 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும், தொற்றிவிடும். 10 டிகிரியில் சுமார் 11 மணி நேரம் ஆகும். தொற்றிய பிறகு புள்ளி கண்ணில் படவே 9 நாள் முதல் 17 நாள் வரை ஆகும். அதாவது, நீங்கள் புள்ளியைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கக் கிளம்பும் நாளில் அந்தத் தொற்று நடந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மருந்தடித்தும் கேட்கவில்லை என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சாம்பல் நோய் வேறு மாதிரி. துளிரின் நுனியும் இளம் இலையும் வெள்ளை மாவு பூசியது போல் தெரியும். இலை குறுகி, நீளவாக்கில் மடங்கும். காய்த் தோலில் வலை பின்னியது போன்ற சொரசொரப்பு வரும். போடோஸ்பீரா லியூகோட்ரிக்கா என்ற இந்தப் பூஞ்சாணத்துக்கு இலை நனைய வேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். சொல்லப்போனால் இலைமேல் நிற்கும் தண்ணீர் இதன் வித்து முளைப்பதைக் கெடுக்கும். குளிர்காலத்தில் இது தங்குவது சருகில் இல்லை, மொட்டுக்குள்ளே. எனவே சொறி நோய்க்காகச் சருகை என்னதான் துப்புரவாகக் கூட்டினாலும் சாம்பல் நோய் குறையாது. இலையில்லாத காலத்தில் வெளிறி வெள்ளி நிறமாகத் தெரியும் நுனிக் கிளைகளை வெட்டி எடுப்பதுதான் இதற்குக் கைமேல் பலன் தரும் வேலை.

மூன்றாவது தீக்கருகல். பூ விரிந்திருக்கும் நாட்களில் வெப்பம் 18 டிகிரியைத் தாண்டி, கூடவே மழையோ பனியோ பூவை நனைத்தால் எர்வினியா அமைலோவோரா என்ற பாக்டீரியா பூ வழியாக உள்ளே போய்விடும். பூங்கொத்து வாடிக் கறுக்கும். பிறகு துளிர் நுனி கொக்கி மாதிரி வளைந்து கருகும். கருகிய இலை உதிராமல் கிளையிலேயே தொங்குவதுதான் சரியான அடையாளம். ஈரமான நாளில் பட்டையிலிருந்து பழுப்பு நிறக் கசிவு வரும். பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பாக இருக்கும். தாவரத்துக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்று முதன்முதலில் கண்டறிந்தது இந்த நோயில்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பரில் அதைச் சொன்னார். மற்ற நோய்கள் பழத்தைக் கெடுக்கும், மரத்தை இளைக்க வைக்கும். இது ஒரே பருவத்தில் இளமரத்தைக் கொன்றுவிடும். சில நாடுகளில் இதைக் கண்டால் வேளாண் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலையில் பளிச்சென்ற ஆரஞ்சுப் புள்ளி வந்தால் அது துரு நோய். இது ஆப்பிளிலிருந்து ஆப்பிளுக்குப் பரவாது. வட அமெரிக்காவில் காணப்படும் சிடார் ஆப்பிள் துரு, ஜூனிபர் மரத்துக்கும் ஆப்பிளுக்கும் இடையே மாறி மாறி வாழ்கிறது. பழத்தோலில் கரி தடவியது போன்ற படலமும் ஈ மொய்த்தது போன்ற சிறு புள்ளிகளும் தெரிந்தால் அது தோலுக்கு மேலேயே நிற்கும் பூஞ்சாணம், அழுத்தித் தேய்த்தால் போய்விடும். மரத்திலேயே சுருங்கிக் காய்ந்து தொங்கும் பழங்கள் அழுகல் நோய்க்கு அடுத்த வருட விதை. பட்டை குழிந்து, வளையம் வளையமாக வெடித்திருந்தால் அது புண் நோய். தரையை ஒட்டிய அடிப்பட்டை பழுப்பாகி, மேலே இலைகள் சிறுத்து நிறம் மாறினால் தண்ணீர் தேங்கி வரும் அடிப்பட்டை அழுகல் என்று சந்தேகப்படலாம். இதற்கு முதல் வைத்தியம் வடிகால்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழத்தின் அடிப்பக்கத்தில் தோலுக்குக் கீழே சின்னச் சின்னப் பழுப்புக் குழிகள், வெட்டிப் பார்த்தால் உலர்ந்த பஞ்சு மாதிரி சதை. இது நோயே கிடையாது. பழத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. தண்ணீர் ஒரு வாரம் ஏராளம், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இருந்தாலோ, தழைச்சத்து அதிகமானாலோ, கிளைகளை வெட்டிவிடும் கவாத்து அளவுக்கு மீறிப்போய் மரம் வெறும் இலையாகத் தள்ளினாலோ இது வரும். இதற்குப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பது முழுக்க வீண்.

விட்டுவிடுவது: சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம்

கடையில் இருப்பது போன்ற பழம் வீட்டு மரத்தில் வந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சொறி மட்டும் உள்ள பழத்தின் தோலைச் சீவிவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம். கரிப் படலத்தைத் துடைத்துவிடலாம். இலையில் ஆங்காங்கே துருப்புள்ளி இருப்பதால் வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. பழத்தை உடனுக்குடன் சாப்பிடவோ, சாறாகவோ கூழாகவோ ஆக்கவோ போகிறீர்கள் என்றால் இந்த அளவு நோயை விட்டுவைப்பது நியாயமான முடிவு. சொறிப் பழத்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்க மட்டும் முடியாது. வெடித்த தோல் வழியாக அழுகல் இறங்கிவிடும். அழுகல் இறங்கிய பழத்தைச் சாப்பிடக் கூடாது, சாறுக்கும் சேர்க்கக் கூடாது.

இந்த வழிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. சொறியால் பருவத்தின் நடுவிலேயே மரம் பாதி இலையைக் கொட்டி, அடுத்த வருடமும் அப்படியே நடந்தால் இனிமேல் விட்டுவைக்கக் கூடாது. இலை உதிர்ந்த மரம் அடுத்த பருவத்துப் பூமொட்டுகளைப் போதுமான அளவு உருவாக்காது, குளிரையும் தாங்காது. இன்னொன்று தீக்கருகல். அதை ஒருநாளும் விட்டுவைக்கக் கூடாது.

சுத்தமும் கவாத்தும்: முதலில் கை வைக்க வேண்டிய இடம்

ஐந்து வழிகளில் என் முதல் ஓட்டு இதற்குத்தான். இதில் நஞ்சு இல்லை, தவறாகச் செய்தாலும் பெரிய கேடு வராது, முக்கியமாக நாள் நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை. இலை உதிர்ந்து முடிந்ததிலிருந்து மறுபடி துளிர்க்கும் வரை மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. அதற்குள் ஏதாவது ஒரு ஓய்வு நாளில் முடித்துவிடலாம்.

சருகைக் கூட்டி அப்புறப்படுத்தலாம், அல்லது புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டித் தூளாக்கிவிடலாம். தூளான சருகை மண்புழுவும் நுண்ணுயிரும் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். இன்னும் ஒரு படி போக விரும்பினால், 5 சதவீத யூரியாக் கரைசலை, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் யூரியாவை, தரையில் கிடக்கும் சருகின்மேல் தெளிக்கலாம். சருகு வேகமாக மட்கும், வித்து உருவாவதும் பெரிதும் குறையும். மரத்தில் இலை பசுமையாக இருக்கும்போது இந்த அடர்த்தியில் தெளித்துவிடாதீர்கள், இலை கருகிவிடும். சருகை மட்கவைத்து உரமாக்குவதாக இருந்தால் குவியல் நன்றாகச் சூடேற வேண்டும். ஆறிப்போன குவியலில் பூஞ்சாணம் பிழைத்துக்கொள்ளும்.

இதன் பலம் எங்கே குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சருகிலிருந்து எழும் வித்துகளில் பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். ஆகவே உங்கள் மரம் தனியாக நின்றால் சருகை அகற்றுவதற்கு நல்ல பலன் உண்டு. வேலிக்கு அந்தப்பக்கம் கவனிப்பாரற்ற பெரிய ஆப்பிள் மரம் நின்றால் நீங்கள் எவ்வளவு கூட்டினாலும் வித்து வந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் அந்த வீட்டாரிடம் பேசி, அவர்கள் மரத்தடியையும் சேர்த்துக் கூட்டுவது எந்த மருந்தையும்விட உதவும்.

கவாத்தின் நோக்கம் மரத்துக்குள் காற்றும் வெயிலும் புகுவது. மழை விட்டபின் இலை எட்டு மணி நேரம் ஈரமாக இருப்பதற்கும் நான்கு மணி நேரத்தில் உலர்ந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம், சொறி தொற்றுவதற்கும் தொற்றாமல் போவதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடலாம். ஒன்றோடொன்று உரசும் கிளைகள், உள்நோக்கி வளர்பவை, நேராக மேலே கிளம்பும் போத்துகள் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். காய்ந்து தொங்கும் பழங்களையும் புண் நோய்க் கிளைகளையும் அதே சமயத்தில் அகற்றுங்கள். ஆனால் ஒரே வருடத்தில் மரத்தை மொட்டையடிக்காதீர்கள். அதிகமாக வெட்டினால் மரம் ஆவேசமாகத் துளிர்க்கும். அந்தக் கொழுத்த இளந்துளிரைத்தான் சாம்பல் நோயும் தீக்கருகலும் தேடி வரும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான். தண்ணீரை அடியில் மட்டும் விடுங்கள், இலைமேல் பீய்ச்ச வேண்டாம். காய் சிறிதாக இருக்கும்போதே கொத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டால் மீதிப் பழம் பெருக்கும், இடைவெளி இருப்பதால் அழுகலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாது.

தீக்கருகலில் வெட்டுவது தனி முறை. கருகல் முடிந்து நல்ல பட்டை தொடங்குவதாகத் தெரியும் இடத்துக்கு இன்னும் 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழே வெட்ட வேண்டும். பாக்டீரியா கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி முன்னேறியிருக்கும். வானம் காய்ந்திருக்கும் நாளில், கருகல் தொடங்கியதைப் பார்த்த உடனேயே வெட்டுங்கள். கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொள்வது நல்லது. வெட்டியதை மரத்தடியில் போட்டு வைக்கக் கூடாது. அடிமரத்திலோ ஒட்டுக் கட்டிய இடத்திலோ கருகல் இறங்கிவிட்டால் கிளையை வெட்டிப் பிரயோசனம் இல்லை, மரத்தையே எடுக்க வேண்டும். இதை ஏற்க மனம் ஒப்பாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மரத்தை நிற்கவிட்டால் பக்கத்து மரங்களையும் இழக்க நேரும்.

மருந்தடிப்பது: பலன் உண்டு, ஆனால் நாள் தவறக் கூடாது

மருந்து வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வணிகத் தோட்டங்களில் பளபளப்பான பழம் கிடைப்பதே அதனால்தான். வீட்டில் அது பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம் கால அட்டவணை. சொறிக்கான மருந்துகளில் பெரும்பாலானவை காவல் மருந்துகள். வித்து முளைப்பதற்கு முன்பே இலைமேல் இருக்க வேண்டும், அதாவது மழைக்கு முன்னால் அடித்திருக்க வேண்டும். மொட்டில் பச்சை தெரிந்ததிலிருந்து பூ இதழ் உதிர்ந்து சில வாரம் ஆகும் வரை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும். இளம் இலை தினம் தினம் புதிதாக விரிகிறது, புதிய இலைமேல் பழைய மருந்து இருக்காது. பலத்த மழை பெய்தால் அடித்ததும் கழுவிப் போய்விடும். ஆக ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய ஆறேழு தெளிப்பு. இதில் முதல் மூன்றைத் தவறவிட்டு, புள்ளி வந்தபின் மீதியை அடிப்பவருக்குச் செலவும் அலைச்சலும்தான் மிஞ்சும்.

இரண்டாவது தடை உயரம். ஆளுயரத்தை ஒட்டிய குட்டை மரத்தைக் கைத்தெளிப்பானால் முழுக்க நனைக்கலாம். ஆறு மீட்டர் மரத்தின் உச்சிக்கு அது எட்டாது. உச்சியில் இருக்கும் நோய், மழைத் துளியோடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் மரம் பெரிது, தெளிப்பான் சிறிது என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

அப்படியும் அடிக்கத் தீர்மானித்தால் எதை என்பது நோயைப் பொறுத்தது. நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள், சொறிக்கும் சாம்பல் நோய்க்கும் சேர்த்து வேலை செய்யும். இயற்கை முறையில் வளர்ப்பவர்களும் பயன்படுத்துவது. ஆனால் மழையில் எளிதில் கரைந்து போகும், 30 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் இலையைக் கருக்கும், பூச்சிக்கான எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் கருக்கும். கேப்டான் சொறிக்கும் சில அழுகல்களுக்கும் நன்றாகக் கேட்கும். சாம்பல் நோய்க்கும் துருவுக்கும் கேட்காது. இதையும் எண்ணெயோடு சேர்க்கக் கூடாது, கண்ணில் பட்டால் கடுமையாக எரிச்சல் தரும். மைக்ளோபியூட்டனில் என்ற மருந்து இலைக்குள் இறங்கிச் சொறி, சாம்பல், துரு மூன்றையும் அடக்கக்கூடியது. ஆனால் பல இடங்களில் சொறிப் பூஞ்சாணம் இந்த வகை மருந்துகளுக்குப் பழகிவிட்டது, திரும்பத் திரும்ப அதையே அடிப்பதால் இன்னும் பழகும். பொட்டாசியம் பைகார்பனேட் சாம்பல் நோய் லேசாக இருக்கும்போது உதவும். தாமிரம் கலந்த மருந்துகளை, போர்டோ கலவை உட்பட, மொட்டில் பச்சை தெரியும் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு அடித்தால் பழத்தோல் சொரசொரப்பாகிவிடும். தாமிரம் மண்ணிலிருந்து எங்கும் போகாது, வருடா வருடம் சேர்ந்துகொண்டே இருக்கும். இயற்கை முறையில் அனுமதி உண்டு என்பதற்காக அதைத் தாராளமாக அடிப்பது சரியில்லை.

தீக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பூக்காலத்தில் அடிக்கும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. அதை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்கள் பல பகுதிகளில் உருவாகிவிட்டன. மனிதருக்கும் வேண்டிய மருந்தை இரண்டு மரத்துக்காக வீட்டுத் தோட்டத்தில் தெளிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். துளிர்க்கும் முன் ஒருமுறை தாமிரம், அப்புறம் கத்தரி, இவ்வளவு போதும்.

எந்த மருந்தானாலும் உங்கள் நாட்டில் வீட்டு ஆப்பிள் மரத்துக்கு அனுமதிக்கப்பட்டதா, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பவற்றை உறையிலேயே படியுங்கள். பழமரத்துக்கென்று ஆயத்தமாக விற்கும் கலவைகள் சிலவற்றில் பூச்சிக்கொல்லியும் சேர்ந்திருக்கும். பூ விரிந்திருக்கும்போது அதை அடித்தால் தேனீக்கள் சாகும். தேனீ வராவிட்டால் பழமும் இல்லை.

இதற்கு மாற்றாக ஒன்றைச் சொல்லலாம்: காயைக் கிள்ளிக் குறைத்த கையோடு, கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே மிச்சக் காய்களுக்குக் காகித உறை போடுவது. காய்க்குள் துளைக்கும் புழு, கரிப் படலம், பிற்காலத்துச் சொறி மூன்றிலிருந்தும் அது காக்கும். அதற்கு முன்பே தொற்றிவிட்ட சொறியைத் தடுக்காது. குட்டை மரத்தில் ஐம்பது, நூறு பழம் வரை இது நடக்கிற காரியம்.

ரகத்தை மாற்றுவது: பலரும் தள்ளிப்போடும் வழி

மெக்கின்டாஷ், காலா போன்ற ரகங்களைச் சொறி எளிதில் பிடிக்கும். ஜோனதனுக்குச் சாம்பல் நோயும் தீக்கருகலும் வரும். ஃபியூஜியும் காலாவும் தீக்கருகலுக்கு இளகியவை. ஈரமான இடத்தில் மெக்கின்டாஷ் நட்டவர் வருடத்துக்கு ஆறேழு முறை தெளிப்பானைத் தூக்க வேண்டும், அதுவும் மரம் இருக்கும் வரை. அந்த உழைப்பை ஒரே ஒரு முறை மரத்தை மாற்றும் வேலையோடு வைத்து எடை போட்டுப் பாருங்கள். பத்து வருடக் கணக்கில் மாற்றுவதுதான் எளிது.

சொறி தாங்கும் ரகங்கள் உருவான வரலாறு நீண்ட பொறுமையின் வரலாறு. 1914இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோம் பியூட்டி ரகத்தோடு மாலஸ் ஃபுளோரிபண்டா என்ற சிறுகாய் ஆப்பிளைக் கலந்தார்கள். அந்தச் சிறு ஆப்பிளில் இருந்த ஒரு எதிர்ப்பு மரபணுவைத் தலைமுறை தலைமுறையாக நல்ல ருசியுள்ள பெரிய பழங்களுக்குக் கொண்டுவந்து, பிரைமா என்ற முதல் ரகம் வெளிவந்தபோது 1970 ஆகிவிட்டது. 1978இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து லிபர்ட்டி வந்தது. சொறி அதை அநேகமாகத் தொடுவதில்லை, துருவையும் தீக்கருகலையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். அதன் தாய் ரகமான மேக்கூன் மெக்கின்டாஷின் பிள்ளை என்பதால் மெக்கின்டாஷ் ருசியை விரும்புபவர்களுக்கு இதில் ஏமாற்றம் இருக்காது. என்டர்பிரைஸ் தீக்கருகலையும் தாங்கும், தாமதமாகப் பழுக்கும், நெடுநாள் கெடாது. கோல்ட்ரஷ் ருசியில் அபாரம், ஆனால் சிடார் ஆப்பிள் துரு எளிதில் பிடிக்கும். பக்கத்தில் ஜூனிபர் இருந்தால் யோசிக்க வேண்டும்.

இந்த எதிர்ப்பு நிரந்தரமானது என்று நினைத்துவிடக் கூடாது. 1980களிலிருந்து ஐரோப்பாவில் அந்த ஒரே மரபணுவை மீறிவரும் சொறிப் பூஞ்சாண வகைகள் தென்பட்டிருக்கின்றன. எனவே நோய் தாங்கும் ரகம் வைத்தாலும் சருகைக் கூட்டுவதை நிறுத்தக் கூடாது. எல்லா நோயையும் தாங்கும் ரகம் என்று ஒன்றும் கிடையாது. உங்கள் இடத்தில் எந்த நோய் அதிகமோ அதைத் தாங்குவதைத்தான் தேட வேண்டும்.

மாற்றுவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. அடிமரம் ஆரோக்கியமாக இருந்து, ரகம் மட்டும் சரியில்லை என்றால் ஒட்டுக் கட்டுவது மேல். துளிர்க்கும் காலத்தில் பட்டை இளகி உரியும்போது பெரிய கிளைகளை வெட்டி, புதிய ரகத்தின் குச்சிகளைப் பட்டைக்குள் செருகிக் கட்டுவார்கள். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டாமல் பாதியை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம் என்று செய்தால் மரம் அதிர்ச்சி இல்லாமல் தாங்கும். வேர் ஏற்கனவே ஆழமாக ஓடியிருப்பதால் இரண்டு மூன்று வருடத்தில் புதுப் பழம் பார்க்கலாம். ஒரு கிளைக்கு ஒரு ரகம் என்றும் கட்டலாம், மகரந்தச் சேர்க்கைக்கும் அது உதவும். தீக்கருகல் வந்து போன மரத்திலோ அடிப்பட்டை அழுகிய மரத்திலோ இதைச் செய்ய வேண்டாம்.

அப்படிப்பட்ட மரத்தையும், உயரம் கைமீறிப்போன கிழட்டு மரத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாக நடுவதுதான் சரி. நடும்போது அதே குழியில் நடாதீர்கள். ஆப்பிள் இருந்த மண்ணில் மறுபடி ஆப்பிள் வைத்தால் வேர் சரியாகப் பிடிக்காமல் செடி தேங்கி நிற்பது நன்றாகத் தெரிந்த விஷயம். சில மீட்டர் தள்ளி நடுங்கள். இடமே இல்லையென்றால் குழியை அகலமாக எடுத்து மண்ணை மாற்றுங்கள்.

எந்த நிலையில் எது

தனியாக நிற்கும் வளர்ந்த மரம், சொறி லேசாக, பழம் வீட்டுக்கு மட்டும்: சருகைக் கூட்டிக் கவாத்து செய்யுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சொறியால் இரண்டு வருடமாக இலை கொட்டுகிறது, மரம் குட்டை, அந்த ரகத்தின் பழம் உங்களுக்கு மிகவும் பிடித்தது: இந்த ஒரு நிலையில் மருந்தடிப்பதை நான் தயங்காமல் சொல்வேன். கந்தகமோ கேப்டானோ, மொட்டில் பச்சை தெரியும் நாளிலேயே தொடங்கி, மழை அறிவிப்பைப் பார்த்து அடியுங்கள். சருகு வேலையையும் கூடவே செய்தால் சில தெளிப்புகள் குறையும். அதே நோய், ஆனால் மரம் பெரிது என்றால் ஒட்டுக் கட்டுவதற்கான குச்சியைத் தேடத் தொடங்குங்கள்.

சாம்பல் நோய்க்கு நுனியை வெட்டுவதும், தழைச்சத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் போதும். வருடா வருடம் வந்தால் கந்தகம்.

தீக்கருகல் துளிர் நுனியில் மட்டும் என்றால் கத்தரி. அடிமரம் வரை போயிருந்தால் மரத்தை எடுப்பது. அதற்குப் பதிலாக மறுபடி ஆப்பிள் வைக்க நினைத்தால் ரகத்தோடு வேர்ச்செடியையும், அதாவது அந்த ரகம் ஒட்டுக் கட்டப்பட்டிருக்கும் வேருள்ள அடிப்பாகத்தையும், பார்க்க வேண்டும். இதைப் பலர் கேட்பதே இல்லை. குட்டை மரங்களுக்கு உலகெங்கும் பயன்படும் எம் 9, எம் 26 இரண்டும் தீக்கருகலில் சீக்கிரம் செத்துவிடும். மேலே லிபர்ட்டி மாதிரித் தாங்கும் ரகம் இருந்தாலும் அடியில் கிளம்பும் போத்து வழியாகப் பாக்டீரியா நுழைந்தால் மரம் போய்விடும். ஜெனீவா நிலையம் உருவாக்கிய ஜி 41, ஜி 11, ஜி 935 போன்ற வேர்ச்செடிகள் அந்த நோயைத் தாங்கும். தண்ணீர் தேங்கும் நிலமாக இருந்தால் எம்எம் 106 வேண்டாம், அடிப்பட்டை அழுகல் அதற்கு எளிதில் வரும். கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்தால் வேர்ச்செடி எது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.